பொது முன்தோட்டத்தில் குள்ளர் பொம்மைகள்

வணக்கம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தாங்கள் சொந்தமாக வீடு வாங்கிய அடுக்ககத்தின் பொது முன்தோட்டத்தில் தாங்கள் அலங்காரத்துக்காக வைத்த இரண்டு குள்ளர் பொம்மைகளை, மற்றொரு வீட்டு உரிமையாளர் எடுக்கச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள்.

சட்டம் தங்கள் பக்கம் இல்லை என்றே கருதுகிறேன். ஏறக்குறைய இதே போன்ற ஒரு வழக்கில், பொதுத் தோட்டத்தின் தோற்றத்தை மாற்றும் இப்பொம்மைகளை, உடன்படாத இணை உரிமையாளர் கோரினால் அகற்ற வேண்டும் என்று ஹாம்பர்க் மேல்நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது. பொம்மை அழகாக இருக்கிறதா என்பதைவிட, அந்த இடம் வீட்டு உரிமையாளர்கள் எல்லோருக்கும் உரியது என்பதே இங்கு முக்கியம்.

தனி வீட்டுத் தோட்டமாக இருந்தால் உரிமை அதிகம். ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. பக்கத்து வீட்டாரை நோக்கி ஆபாசச் சைகை காட்டும் குள்ளர்களை வைத்தவருக்கு எதிராக 1994-இல் ஜெர்மனியின் குரூன்ஷ்டாட் நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (தங்கள் பொம்மைகள் மண்வெட்டியும் விளக்கும்தான் ஏந்தியிருக்கின்றன, அந்தக் கவலை வேண்டாம்.)

ஆகவே, உரிமையாளர் கூட்டத்தில் எழுத்துமூலம் ஒப்புதல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தங்கள் பால்கனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அவை சுடுமண் பொம்மைகள் என்றால், உறிஞ்சிய நீர் உறைபனியில் விரிந்து விரிசல் விடும் என்பதால், குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்துவிடுவது நல்லது.