சடங்கு எதுவும் செய்யாத வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஆறுதல் எங்கிருந்து கிடைக்கும்?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் 'எனக்கு எதுவும் செய்யக் கூடாது' என்று எழுதி வைத்துவிட்டார், நீங்கள் மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று முழிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் அதைத் தாண்டி வந்தவள், அதனால் எழுதுகிறேன். நாத்திகப் பிரச்சாரம் செய்ய வந்திருக்கிறாள் என்று கமெண்ட்டில் கிளம்பிவிட வேண்டாம். என் அம்மா செவ்வாய் தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தார். தொழிற்சங்கக் கூட்டம், பெரியார் கூட்டம் எதையும் விட மாட்டார். 1974இல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டார். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் கொண்டுவந்த சட்டத் திருத்தப்படி புரோகிதரும் வேண்டாம், ஓமமும் வேண்டாம். நாலு பேர் முன்னால் ஒருவரையொருவர் ஏற்கிறோம் என்று சொன்னாலோ, மாலை மாற்றிக்கொண்டாலோ போதும். தாலி கட்டினாலும் செல்லும். பாட்டி அழுத அழுகையில் அப்பா தாலியும் கட்டினார். அம்மாவைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, வரும்வரை சைக்கிளில் சாய்ந்தபடி பேப்பர் படிப்பார். யாராவது கிண்டல் செய்தால், "அறிவியல் மனப்பான்மையும் மனிதநேயமும் வளர்க்கணும்னு அரசமைப்புச் சட்டத்துலயே 51ஏ-ல எழுதியிருக்கு, அவ சாமிய நான் பிடுங்கணும்னு எதுலயும் எழுதல" என்பார்.

அவர் போனது ஒரு மே மாதம், விடியற்காலை. கண் தானத்துக்கும் உடல் தானத்துக்கும் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கண் வங்கியில் போனில் சொன்னார்கள்: இமையை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள், தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள். திருச்சி மே மாத வெயிலில் ஃபேன் இல்லாத கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்! பெரியப்பா இரண்டு தடவை சுவிட்சைப் போட்டார், நான் இரண்டு தடவை அணைத்தேன். அம்மா ஒன்றும் பேசாமல் பஞ்சை நனைத்து நனைத்து வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலையில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்கிறேன்.

உடலை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறை எடுத்துக்கொள்ளும். மருத்துவரின் இறப்புச் சான்று, நெருங்கிய உறவினரின் சம்மதக் கையெழுத்து, ஆதார் நகல் எல்லாம் வேண்டும். விபத்து, போஸ்ட்மார்ட்டம் என்றால் வாங்க மாட்டார்கள். சில தொற்றுநோய் இருந்தாலும் அப்படித்தான். ஆகவே மின்மயானத்தையும் மாற்று ஏற்பாடாக மனதில் வைத்திருங்கள். கண்ணை எடுத்த பிறகும் உடலை ஏற்றுக்கொள்வார்கள். எல்லாம் சரி, அங்கே இருந்த ஊழியர் என்னைப் பார்த்துக் கேட்டது: "மகன் யாரும் வரலையாம்மா?" கொள்ளி வைக்காத இடத்திலும் மகனைத் தேடுகிறார்கள். மூத்தவள் நான்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் நாள் கஷ்டமே இல்லை, கூட்டம் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். அம்மாவுக்குப் பஞ்சு நனைக்கும் வேலை இருந்த மாதிரி, கைக்கும் ஏதாவது வேலை இருக்கும்; அதைத்தான் குறித்து வைக்கச் சொன்னேன். அதற்கப்புறம்தான் சிக்கல். சடங்கு செய்கிற வீட்டில் பால் தெளிப்பு, எட்டாம் துக்கம், கருமாதி என்று வரிசையாக நாள் இருக்கிறது. பிடிக்கிறதோ இல்லையோ, உறவுக்காரர்கள் வந்தே ஆக வேண்டும். 'எங்கள் வீட்டில் ஒன்றும் கிடையாது' என்று நாம் சொன்னால், 'அப்படியா, சரி' என்று அவர்களும் ஊருக்குப் போய்விடுகிறார்கள். அது அவர்கள் தப்பும் இல்லை. நான்காம் நாள் மாலை வீட்டில் அம்மா, நான், வாடகை ஃப்ரீசர் பெட்டி இருந்த இடத்தில் ஈரத் தடம். அவ்வளவுதான்.

அதனால் நாங்களே நாள் வைத்தோம். சாயங்காலம் யாராவது ஒருவர் வந்து அம்மாவோடு சாப்பிட வேண்டும் என்று அப்பாவின் பணிமனை நண்பர்கள், தெருக்காரர்கள், என் தோழிகள் என்று ஆள் ஆளாய்ச் சொல்லி வைத்தேன். வெட்கப்படாமல் கேட்டேன். அத்தை, எங்களைத் திட்டித் தீர்த்தவர், 'நாதியத்த பொணம் மாதிரி அனுப்பிட்டீங்களேடி' என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர், பையோடு வந்து இறங்கி அந்த மாதம் முழுக்க இருந்தார். அம்மாவுக்குத் தலை வாரி விட்டது, ராத்திரி பக்கத்தில் படுத்தது எல்லாம் அவர்தான். மனிதநேயம் என்று அப்பா மேடையில் கேட்டுவந்து சொன்னதை, விபூதி பூசிய அத்தைதான் செய்தார்.

மாமா பிறந்த வீட்டுக் கோடி எடுத்து வந்தார், வெளிர் நிறப் புடவை. அப்பா எழுதி வைத்திருந்ததை வாசித்துக் காட்டினேன்: 'என் மனைவியின் பொட்டையும் பூவையும் யாரும் தொடக் கூடாது.' மாமா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மறுவாரம் அரக்குக் கலரில் வேறு ஒன்று வாங்கி வந்தார். தாலியை அம்மா பின்னால் தானாகவே கழற்றி பீரோவில் வைத்துக்கொண்டார், எனக்கே தெரியாது. பொட்டு இன்றும் இருக்கிறது.

அப்பாவின் கொள்கைக்காரர்களான எங்கள் தரப்பு ஆட்களையும் விடப் போவதில்லை. படத்திறப்பு அன்று ஒருவர் மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் நாட்டு அரசியல் பேசினார். அம்மாவின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. படத்தின் முன் அம்மா ஏற்றி வைத்த விளக்கைப் பார்த்து 'தோழருக்கு இது தேவையா' என்று முணுமுணுத்தவர்கள் மட்டும் உண்டு. ஒரு டீ போட்டுக் கொடுக்கக்கூட எழுந்திருக்காதவர்கள்.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் எரிகிறது. சாதி, மதக் கட்டத்தைப் பள்ளிச் சேர்க்கையில் காலியாக விடலாம் என்று 1973இலேயே தமிழ்நாடு அரசாணை இருக்கிறது, 2000இல் இன்னொன்றும் வந்தது. என் மகளுக்கு அப்படித்தான் விட்டேன். மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்தபோது இரண்டு கட்டத்தையும் யாரோ நிரப்பியிருக்கிறார்கள். எங்களைக் கேட்காமல், பெயரை வைத்து அவர்களே யூகித்து! திருத்தித் தரச் சொன்னால், "பின்னாடி உங்களுக்குத்தான் கஷ்டம் மேடம்" என்று அக்கறையாக ஒரு பதில்.

சரி, உங்கள் விஷயம். சம்மதப் படிவத்தை இப்போதே வாங்கி, அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசிவிடுங்கள். யார் யார் வந்து துணைக்கு இருப்பார்கள் என்ற பட்டியலையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அதில் உங்கள் கொள்கைக்கு ஒத்து வராத ஓர் அத்தை கட்டாயம் இருப்பார். அவருக்கு முதலில் போன் போடுங்கள்.