42 வயசுல ஜெயிச்சா அது லேசான விளையாட்டா?

கேள்வி: பிர்கிட் ஃபிஷர்னு ஒரு ஜெர்மன்காரம்மா 42 வயசுல படகுப் போட்டியில ஒலிம்பிக் தங்கம் வாங்கினாங்களாமே. அந்த வயசுல ஜெயிக்க முடியுதுன்னா அது லேசான விளையாட்டுன்னுதானே அர்த்தம்? (ஒரு வாசகர்)

பதில்: இல்லைங்க, கணக்கைத் தலைகீழா போட்டுட்டீங்க. லேசா இருந்தா 42 வயசுல தங்கம் வாங்கினவங்க வரிசையா நின்னிருக்கணுமே, எங்க இருக்காங்க?

முதல்ல அந்தப் படகைப் பாருங்க. கயாக். உக்காந்தா இடுப்புக்கு ரெண்டு பக்கமும் இடமே இருக்காது, அவ்ளோ ஒல்லி, பழக்கம் இல்லாதவங்க ஏறின உடனே கவுந்துடும். அதுல உக்காந்துகிட்டு ரெண்டு முனையிலயும் பிளேடு இருக்கிற துடுப்பால நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல தண்ணிய இழுக்கணும், 500 மீட்டர், கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம், நடுவுல மூச்சு வாங்க நேரமே கிடையாது. கை மட்டும் வேலை செய்யுதுன்னு நெனைக்காதீங்க, கால உதைச்சு இடுப்பைத் திருப்பித்தான் அந்த பலமே வருது. நாலு பேர் படகுன்னா இன்னும் மோசம், ஒருத்தர் துடுப்பு கொஞ்சம் பிந்தினாலும் மொத்தப் படகும் இழுபடும்.

பிர்கிட் பொறந்தது 1962ல, பிராண்டன்பர்க்ல, ஹாவெல் ஆத்தங்கரை ஊரு, அப்போ கிழக்கு ஜெர்மனி. 1980 மாஸ்கோவுல தனியாள் படகுல தங்கம் ஜெயிச்சப்ப வயசு 18. அடுத்து 81, 82, 83ன்னு மூணு வருஷமும் உலக சாம்பியன்ஷிப்ல பெண்களுக்கு இருந்த மூணு போட்டியிலயும் அவங்கதான் ஜெயிச்சாங்க. அப்படி ஒரு ஃபார்ம்ல இருக்கும்போது 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கை சோவியத் அணி நாடுகள் புறக்கணிச்சிடுச்சு, 22 வயசுல வீட்ல உக்கார வேண்டியதாப் போச்சு. அவங்க கணக்கு மொத்தம் 8 தங்கம், 4 வெள்ளின்னு எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த 84 ஞாபகம் வந்து மனசு ஆறவே மாட்டேங்குது.

1986ல பையன் பொறந்தான். 88 சியோல்ல ரெண்டு தங்கம், தனியாள் போட்டியில மட்டும் பல்கேரியாவோட கெஷேவாகிட்ட நூலிழையில தோத்து வெள்ளி. 89ல பொண்ணு. அதே வருஷம் பெர்லின் சுவர் விழுந்து, மறு வருஷம் அவங்க நாடே இல்லாமப் போச்சு. 92 பார்சிலோனாவுல ஒண்ணாச் சேர்ந்த ஜெர்மனிக்காக, ரெண்டு குழந்தைங்களோட அம்மாவா, தனியாள் தங்கத்தைத் திரும்ப வாங்கினாங்க, 12 வருஷம் கழிச்சு. அட்லாண்டா, சிட்னியிலயும் தங்கம்தான்.

சிட்னியோட விலகினவங்க மறுபடி வந்து 2004 ஏதென்ஸ்ல நாலு பேர் படகுல ஏறினாங்க. அதே படகுல இருந்த கரோலின் லியோன்ஹார்ட் பொறந்ததே 1984 நவம்பர்லதான், அதாவது பிர்கிட் முதல் தங்கம் வாங்கினப்ப அந்தப் பொண்ணு பொறக்கவே இல்ல! ஹங்கேரியை 0.2 செகண்டுல ஜெயிச்சாங்க. அப்படி நூல் வித்தியாசத்துல போற ரேஸ்ல நாலு பேர்ல ஒருத்தர் சும்மா உக்காந்து வர முடியுமா, சொல்லுங்க?

அது ஆகஸ்ட் 27. மறுநாளே அதே கரோலினோட ரெண்டு பேர் படகுல மறுபடி ஃபைனல், அதுல வெள்ளி. முந்தினது ஹங்கேரியோட கோவாச்சும் யானிச்சும், ஒருத்தருக்கு 28 வயசு, இன்னொருத்தருக்கு 22.