மீன்டோனில் ஏ ஃப்ளாட் கார்டு மட்டும் ஏன் அலறுகிறது?

கேள்வி: என் டிஜிட்டல் பியானோவில் டெம்பரமென்ட்டை (சுருதி சேர்க்கும் முறையை) மீன்டோனுக்கு மாற்றினால் சி மேஜர் கார்டு வழக்கத்தைவிட இனிமையாக இருக்கிறது. ஏ ஃப்ளாட் மேஜர் வாசித்தாலோ காது கூசுகிறது. கருவியில் பழுதா?

பதில்: பழுது இல்லை. அந்தச் சுருதி முறையின் கணக்கே அப்படித்தான்.

சி-யிலிருந்து 3:2 விகிதத்தில் நான்கு ஃபிஃப்த் (சி-யிலிருந்து ஜி போன்ற இடைவெளி, நம் ச-ப) ஏறி, இரண்டு ஆக்டேவ் இறங்கினால் கிடைக்கும் ஈ-யின் விகிதம் 81:64. சுத்தமான மேஜர் தேர்டோ (சி-ஈ இடைவெளி) 5:4, அதாவது 80:64. (தம்பூராவின் சட்ஜத் தந்தியில் தானாக எழும் அந்தர காந்தாரமும் இந்த 5:4தான்.) இடையிலுள்ள 81:80 வித்தியாசத்துக்குக் கமா என்று பெயர்; அது சுமார் 21.5 சென்ட் (ஓர் ஆக்டேவுக்கு 1200 சென்ட்). 1523-இல் வெனிஸில் வெளியான இத்தாலிய இசை அறிஞர் பியேத்ரோ ஆரோனின் நூலோடு சேர்த்துப் பேசப்படும் கால்-கமா மீன்டோன், இதை நான்காகப் பிரித்து ஒவ்வொரு ஃபிஃப்த்திலும் கழித்துவிடுகிறது. 702 சென்ட் இருக்க வேண்டிய ஃபிஃப்த் 696.6 ஆகிறது, தேர்ட் 386.3 சென்ட்டில் அசையாமல் நிற்கிறது. பன்னிரண்டு சுரங்களையும் சம இடைவெளியில் வைக்கும் இன்றைய சம முறையில் அது 400. நடு சி-யையும் அதன் மேலுள்ள ஈ-யையும் சம முறையில் பிடித்துக் கேளுங்கள், நொடிக்குப் பத்து விம்மல்கள் (ஒலி கூடிக் குறையும் அலைகள்) வரும். மீன்டோனில் அது அடங்கிவிடும். உங்களுக்கு இனித்தது அதுதான்.

கழித்ததற்கு விலை உண்டு. பன்னிரண்டு ஃபிஃப்த்தும் சேர்ந்து சரியாக ஏழு ஆக்டேவ் ஆக வேண்டும், அதனால் பதினொரு ஃபிஃப்த்தைக் குறுக்கினால் பன்னிரண்டாவது 737.6 சென்ட்டாக வீங்கியாக வேண்டும். சி-யை அடிப்படையாக வைத்தால் அது ஜி ஷார்ப்புக்கும் ஈ ஃப்ளாட்டுக்கும் நடுவே விழுகிறது. இதைத்தான் வுல்ஃப் என்பார்கள். மீன்டோனில் ஜி ஷார்ப்பும் ஏ ஃப்ளாட்டும் ஒரே சுரமல்ல, 41 சென்ட் தள்ளியிருப்பவை. உங்கள் கட்டையில் இருப்பது ஜி ஷார்ப் மட்டுமே. அதனால் ஏ ஃப்ளாட் கார்டில் தேர்டும் கெட்டது (427 சென்ட்), ஃபிஃப்த்தும் கெட்டது. பி, எஃப் ஷார்ப், சி ஷார்ப் மேஜர் கார்டுகளில் தேர்ட் மட்டும் இதேபோல் கெடும். பழைய இத்தாலிய ஹார்ப்சிகார்டுகள் சிலவற்றில் கறுப்புக் கட்டையையே இரண்டாகப் பிளந்து இரு சுரங்களையும் வைத்திருந்தார்கள்.

உங்களுக்கு வழி எளிது: அடிப்படைச் சுரத்தை மாற்றுங்கள். மேஜர் பாடலுக்கு அதன் ஸ்கேலையே வையுங்கள்; ஏ ஃப்ளாட் மேஜர் என்றால் ஏ ஃப்ளாட். மைனர் பாடலுக்கு அதன் ரிலேட்டிவ் மேஜரை (அதே சுரங்கள் உள்ள மேஜர் ஸ்கேலை) வையுங்கள். ஈ மைனர் பாடலில் சி-யை விட்டுவைத்தால் பி மேஜர் கார்டு வரும்போது மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் அந்தக் கட்டையில் ஈ ஃப்ளாட்தான் இருக்கும், டி ஷார்ப் இருக்காது. ஜி வைத்தால் இருக்கும்.

சில கீபோர்டுகளில் மீன்டோன் இல்லாமல், சுரம் சுரமாகச் சென்ட் மாற்றும் வசதி மட்டும் இருக்கும். அதில் இப்படி இடுங்கள்: சி 0, சி ஷார்ப் −24, டி −7, ஈ ஃப்ளாட் +10, ஈ −14, எஃப் +3, எஃப் ஷார்ப் −21, ஜி −3, ஜி ஷார்ப் −27, ஏ −10, பி ஃப்ளாட் +7, பி −17. பலரும் இங்கே ஒன்றைக் கவனிப்பதில்லை: ஏ இறங்கி 437.4 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். 440-க்குச் சுருதி சேர்த்த வயலினோடு வாசித்தால் முழுக் கருவியும் தாழ்ந்து ஒலிக்கும். மாஸ்டர் ட்யூனிங்கை (முழுக் கருவியின் சுருதியை) 442.6-க்கு ஏற்றினால் சரியாகும்.

சோதிக்கும்போது ஆர்கன் அல்லது ஹார்ப்சிகார்டு ஒலியை எடுங்கள், கோரஸ் எஃபெக்ட்டை அணைத்துவிடுங்கள். கோரஸ் தானே விம்மலை உண்டாக்கும். எது சுருதியின் பிழை, எது எஃபெக்ட் என்று பிரிக்க முடியாது.

ஒரே பாடலில் ஸ்கேல் பல இடங்களுக்குத் தாவினால் மீன்டோன் வேண்டாம். 1691-இல் ஜெர்மன் இசை அறிஞர் வெர்க்மைஸ்டர் வெளியிட்ட முறை பட்டியலில் இருந்தால் அதைப் போடுங்கள். சி-ஈ தேர்ட் 390 சென்ட்டில் இனிமையாகவே இருக்கும், எஃப் ஷார்ப் பக்கம் 408 வரை காரமாகும், வுல்ஃப் எங்கும் வராது.