வாசலில் எஃப்.பி.ஐ. வந்து நின்றால்: அமெரிக்க ஃபெடரல் வழக்குகள் பற்றிக் கேள்வி பதில்

நியூ ஜெர்சியில் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் ஆஜராகும் வக்கீல் நான். நம்மவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள்தான். உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதே கணக்கு.

எடிசனிலிருந்து ஒருவர்: அக்கா, நேற்று காலை ஆறரை மணிக்கு இரண்டு எஃப்.பி.ஐ. ஏஜென்ட்கள் வந்தார்கள். நான் முன்பு வேலை பார்த்த கன்சல்டிங் கம்பெனியின் எச்1பி வேலை விசா விவகாரம் பற்றி 'சும்மா பத்து நிமிஷம்' பேச வேண்டும் என்று சொல்லி கார்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் ஒரு தப்பும் செய்யவில்லை. போய்ப் பேசிவிட்டு வந்தால் என்ன?

தப்பு செய்யாதவர்கள்தான் இப்படிப் பேசப் போய் மாட்டிக்கொள்கிறார்கள் தம்பி. ஃபெடரல் சட்டத்தின் 18ஆம் தலைப்பில் 1001ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஃபெடரல் அதிகாரியிடம் முக்கியமான ஒரு விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால், அதற்கே ஐந்து ஆண்டு வரை சிறை. சத்தியப் பிரமாணம் எடுத்திருக்க வேண்டும் என்பதில்லை, உங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து சொன்னாலும் பொருந்தும். சமையல், வீட்டு அலங்கார நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற டிவி பிரபலம் மார்த்தா ஸ்டூவர்ட்டை நினைவிருக்கிறதா? 2004இல் அவர் ஐந்து மாதம் சிறைக்குப் போனது பங்குச்சந்தை மோசடிக்காக இல்லை. அந்தக் குற்றச்சாட்டை நீதிபதியே தள்ளிவிட்டார். விசாரணையில் பொய் சொன்னதும், அதற்காகக் கூட்டுச் சேர்ந்ததும், விசாரணைக்கு இடையூறு செய்ததும்தான் அவரை உள்ளே அனுப்பின.

இன்னொன்று. வீட்டுக்கு வந்து பேசும்போது பெரும்பாலும் ஒலிப்பதிவு இருக்காது. ஒருவர் கேட்பார், மற்றவர் குறிப்பெடுப்பார், பிறகு அது அறிக்கையாகும். 'அந்தக் கிளையன்ட் லெட்டர் எனக்குத் தெரியாது' என்று பதற்றத்தில் நீங்கள் சொன்னது அதில் ஏறிவிடும். விசாவுக்காக வாடிக்கையாளர் கம்பெனி தந்ததாகக் காட்டும் அந்த லெட்டர் உங்கள் இமெயிலில் வந்திருப்பது, உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஏஜென்ட்டுக்குத் தெரிந்திருக்கலாம்.

வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரவைத்து காபி கொடுத்துப் பழகியவர்கள் நாம். இங்கே அது வேண்டாம். கார்டை வாங்கிக்கொண்டு, 'என் வக்கீல் உங்களைக் கூப்பிடுவார்' என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தலாம். பேச மறுப்பது குற்றமில்லை. சினிமாவில் வரும் 'பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு' என்ற வசனத்தை அவர்கள் சொல்லவே இல்லையே என்று நினைக்காதீர்கள். கைதானவரைக் கேள்வி கேட்கும்போதுதான் அதைச் சொல்ல வேண்டும். நீங்கள் கைதாகவில்லை. ஆனால் உரிமை இருக்கிறது.

அதே நண்பர்: பழைய வாட்ஸ்அப் குரூப்பை மட்டும் டெலிட் செய்துவிடலாமா?

கூடாது. விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தில் ஆவணத்தை அழித்தால் இருபது ஆண்டு வரை சிறை. முதல் குற்றமே இல்லாமல் போனாலும் இது நிற்கும்.

டல்லாஸ் பக்கத்திலிருந்து: அரசு வக்கீல் அலுவலகத்திலிருந்து 'டார்கெட் லெட்டர்' என்று ஒன்று வந்திருக்கிறது. ஊரில் வாங்குவதுபோல முன்ஜாமீன் வாங்க முடியுமா?

முன்ஜாமீன் இங்கே இல்லை. அதற்குக் கிட்டத்தட்ட ஈடான ஒன்று உண்டு. உங்கள் வக்கீல் அரசு வக்கீலிடம் முன்கூட்டியே பேசி, வழக்கு வந்தால் குறிப்பிட்ட நாளில் நீங்களே வந்து ஆஜராவீர்கள் என்று ஏற்பாடு செய்வார். விடியற்காலையில் பிள்ளைகள் முன்னால் விலங்கு மாட்டுவது பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

டார்கெட் என்றால் உங்கள்மீது வலுவான ஆதாரம் இருப்பதாக அரசு வக்கீல் நினைக்கிறார் என்று பொருள். 'சப்ஜெக்ட்' என்றால் விசாரணை வளையத்துக்குள் இருக்கிறீர்கள், இன்னும் முடிவாகவில்லை. இப்படியொரு கடிதம் வருவதே ஒருவகையில் நல்லதுதான், பலருக்கு அதுகூட வருவதில்லை.

அடுத்தது கிராண்ட் ஜூரி. ஊரில் போலீஸே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும். இங்கே பெரிய குற்றமென்றால் 16 முதல் 23 பேர் கொண்ட பொதுமக்கள் குழு அதை அங்கீகரிக்க வேண்டும், குறைந்தது 12 பேர் சரி என்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அறைக்குள் உங்கள் வக்கீலுக்கு இடமில்லை, நீதிபதியும் இருக்க மாட்டார். அரசுத் தரப்பு மட்டுமே பேசும். அதனால் கிராண்ட் ஜூரி காப்பாற்றும் என்று காத்திருக்காதீர்கள். குற்றச்சாட்டை மாற்றவோ குறைக்கவோ பேச வேண்டியதை அதற்கு முந்தைய இந்த வாரங்களிலேயே பேச வேண்டும். வக்கீல் பிடிக்கும்போது ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்கு நடத்திய அனுபவம் உண்டா என்று கேளுங்கள். உங்கள் டிராஃபிக் டிக்கெட்டுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் வந்தவர் நல்ல மனிதராக இருக்கலாம், இந்த வேலைக்கு அவர் வேண்டாம்.

மதுரையிலிருந்து ஒரு தந்தை: என் மகனை நேற்று அங்கே கைது செய்திருக்கிறார்கள் அம்மா. ஜாமீனுக்கு எவ்வளவு பணம் அனுப்ப வேண்டும்?

ஐயா, அவசரப்பட்டு யாருக்கும் பணம் அனுப்பிவிடாதீர்கள். கைதானவரைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட் நீதிபதி முன்னால் நிறுத்துவார்கள். தடுப்புக்காவல் வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டால் அதற்கான விசாரணையைப் பொதுவாக மூன்று வேலை நாள் வரை தள்ளிவைக்க அவர்கள் கேட்கலாம். நம் தரப்பு கேட்டால் ஐந்து நாள் வரை. நீதிபதி பார்ப்பது இரண்டு விஷயம்: ஓடிப்போவாரா, வெளியே விட்டால் ஆபத்தா? பல நேரங்களில் முன்பணமே கேட்க மாட்டார்கள். இங்கே வேரூன்றிய உறவினரோ நண்பரோ பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். மகன் ஓடிவிட்டால் கையெழுத்துப் போட்டவர் பணம் கட்ட வேண்டிவரும். ஆகவே பணத்தைவிட இப்போது தேவை அப்படிக் கையெழுத்துப் போடக்கூடிய ஆட்கள். அவர் குடியுரிமை இல்லாதவர் என்றால் ஜாமீன் கிடைத்தாலும் குடியேற்றத் துறை தன் காவலுக்கு எடுத்துக்கொள்ளலாம். வக்கீலிடம் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று மகன் சொன்னால் நீதிமன்றமே நியமிக்கும். அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. அரசு கொடுக்கும் வக்கீல்தானே என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். ஃபெடரல் பப்ளிக் டிஃபெண்டர்கள் தினமும் இதே நீதிமன்றத்தில் நிற்பவர்கள், நான் பார்த்ததில் பலர் காசு வாங்கும் வக்கீல்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

மகன் உள்ளிருந்து போன் செய்தால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த அழைப்புகள் பதிவாகின்றன. தமிழில் பேசினால் புரியாது என்று நம்புகிறவர்கள் உண்டு, அரசுத் தரப்புக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைக்காமல் போக மாட்டார்.

சிகாகோ: செய்தியில் 'அறுபது ஆண்டு சிறை கிடைக்கலாம்' என்று போட்டிருக்கிறார்கள். உண்மையா?

வயர் ஃபிராட் (தொலைபேசி, இணையம் போன்றவை வழியாகச் செய்யும் மோசடி) ஒன்றுக்கு அதிகபட்சம் 20 ஆண்டு, மூன்று குற்றச்சாட்டு, பெருக்கினால் அறுபது. செய்தி எழுதுகிறவருக்கு அது போதும். நீதிபதி தொடங்குவது தண்டனை வழிகாட்டி அட்டவணையில்: குற்றத்தின் நிலை ஒரு பக்கம் (1 முதல் 43 வரை), பழைய குற்றப் பதிவு இன்னொரு பக்கம். மோசடியில் இழப்புத் தொகை ஏற ஏற நிலையும் ஏறும். 2005இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அட்டவணை ஆலோசனை மட்டும்தான், கட்டாயமில்லை. அறுபது பெரும்பாலும் வராது. ஆனால் கிடைப்பதில் பெரும்பகுதியை உள்ளே கழித்தாக வேண்டும். 1987 நவம்பருக்குப் பிந்தைய குற்றங்களுக்கு ஃபெடரலில் பரோல் (தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு விடுதலை) கிடையாது. நன்னடத்தைக்கு ஆண்டுக்கு 54 நாள் வரை குறையும்.

சான் ஹோசே: ஒப்புக்கொள்வதா, போராடுவதா?

பத்தில் ஒன்பது பேர் ஒப்புக்கொள்கிறார்கள். எல்லாரும் குற்றவாளிகள் என்பதால் மட்டுமல்ல, தோற்றால் விலை அதிகம் என்பதாலும். கேலியன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் வழக்கைப் பாருங்கள், ரகசியத் தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்ற வழக்கு அது. அதன் நிறுவனர், கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினம் 2009இல் கைதானார். ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பதிவுகள் இருந்தும் விசாரணைக்குப் போனார். 2011இல் 14 குற்றச்சாட்டுகளிலும் தோற்று 11 ஆண்டு தண்டனை பெற்றார். அவருக்குத் தகவல் கொடுத்த மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தின் அதிகாரி அனில் குமார் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நம் ஊர் பாஷையில் சொன்னால் அப்ரூவராகி, சாட்சி சொன்னார். அவருக்குச் சிறையே இல்லை, இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புதான்.

இதைச் சொல்வதால் எல்லாரும் அப்ரூவராகுங்கள் என்று அர்த்தமில்லை. அரசுத் தரப்பு தன்னிடமுள்ள ஆதாரங்களைக் காட்டிய பிறகுதான் இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்கும். முதல் வாரத்திலேயே 'ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம்' என்று சொல்லும் வக்கீலையும், 'ஜெயித்துக் காட்டுகிறேன்' என்று சொல்லும் வக்கீலையும் நான் நம்புவதில்லை.

அட்லாண்டா: கிரீன் கார்டு இருக்கிறது. சிறை இல்லாமல் முடிந்தால் பிரச்சினை இல்லைதானே?

இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் இழப்பு பத்தாயிரம் டாலரைத் தாண்டிய மோசடி வழக்கில் தண்டனை பெற்றால், ஒரு நாள்கூட உள்ளே போகாவிட்டாலும் நாடுகடத்தலாம். ஆகவே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்தில் என்ன இழப்புத் தொகை எழுதுகிறார்கள் என்பது சிறை மாதங்களைவிட உங்களுக்கு முக்கியமாக இருக்கலாம். குடியேற்ற விளைவைப் பற்றி வக்கீல் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

ஓட்டல் நடத்தும் ஒருவர்: 2020இல் கொரோனா கடன் வாங்கும்போது ஆள் கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். ஐந்து ஆண்டு ஆகிவிட்டால் போச்சு என்கிறார்கள், அந்தக் கடனில்...

வழக்குப் போடுவதற்கான காலக்கெடு பொதுவாக ஐந்து ஆண்டுதான். ஆனால் பிபிபி (ஊழியர் சம்பளத்துக்காகக் கொடுத்த கடன்) போன்ற கொரோனா கடன் மோசடிகளுக்கு 2022 ஆகஸ்டில் பத்து ஆண்டாக நீட்டினார்கள். உங்கள் கேள்வியின் மீதியை இங்கே வெளியிடாமல் வெட்டிவிட்டேன். அதில் ஊர், தொகை, கணக்காளர் பெயர் எல்லாம் இருந்தது. நான் உங்கள் வக்கீல் இல்லை, நீங்கள் எனக்கு எழுதியதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. நாளைக்கே ஒருவரை அமர்த்தி அவரிடம் மட்டும் சொல்லுங்கள்.