சூடேறியதும் நின்றுவிடும் ஜாவா

உங்கள் தந்தை ஓட்டிய ஜாவா மோட்டார் சைக்கிள் சூடேறியதும் நின்றுவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கார்புரேட்டரை விட்டுவிட்டு முதலில் கண்டென்சரை, அதாவது எஞ்சினுக்குப் பொறி தரும் மின்சுற்றில் உள்ள சிறு மின்தேக்கியை, மாற்றுங்கள். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்து, சூடேறியதும் நின்று, ஆறிய பிறகே கிளம்புகிறது என்றால், வெப்பத்தில் கண்டென்சரின் உட்காப்பு தளர்ந்து மின்சாரம் கசிவதே பெரும்பாலும் காரணம்.

வண்டி நின்றதும், ஆறவிடாமல், பாயின்ட் (அந்த மின்சுற்றை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனைகள்) மூடியைக் கழற்றிச் சாவியைப் போட்டு, ஒருவரைக் கிக்கரை மெல்ல மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். பாயின்ட் விலகுமிடத்தில் பெரிய பொறி பளிச்சென்று தெறித்து, அதன் முகங்கள் கறுத்துக் குழி விழுந்திருந்தால் ஐயமே வேண்டாம். புதிய கண்டென்சரைப் பொருத்தும்போது பாயின்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டரை மீறக்கூடாது.

ஆனால் பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் வண்டி இதேபோல் ஓடி நின்று, சற்று நேரம் கழித்தே கிளம்பும். எனவே அடுத்த முறை நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து, வண்டி கிளம்புகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தந்தையின் கைபட்ட எதையும் மாற்ற மனமில்லை என்று எழுதியிருப்பது எனக்குப் புரிகிறது. பழைய கண்டென்சரைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், வண்டி ஓடட்டும்.