உடல் திரும்புவதும் கை வீசுவதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐம்பது வயதைக் கடந்த பிறகு டென்னிஸ் கற்கிறேன். "கையால் அடிக்காதீர்கள், உடம்பைத் திருப்பி அடியுங்கள்" என்று பயிற்சியாளர் ஓயாமல் சொல்கிறார். அப்படித் திருப்பினால், வலக்கைக்காரனான என் ஃபோர்ஹேண்ட் பந்துகள் (வலப்பக்கம் வாங்கி அடிப்பவை) இடப்பக்கக் கோட்டைத் தாண்டிப் போகின்றன. ரமேஷ் கிருஷ்ணன் இவ்வளவு சுழன்று ஆடியதாக எனக்கு நினைவில்லை. அடியின் வேகம் உடலிலிருந்து வருகிறதா, கையிலிருந்தா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் பயிற்சியாளர் சொல்வது சரிதான். ஆனால், உடலைத் திருப்பச் சொல்பவர்கள் அந்தச் சுழற்சி எப்போது தளர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஃபோர்ஹேண்டின் விசை தரையை உந்தும் கால்களில் தொடங்கி, இடுப்பு, மார்பு, மேல்கை, முன்கை என வரிசையாக ஏறுகிறது. இடுப்பு முன்னே திரும்பத் தொடங்கும்போது தோள்கள் இன்னும் பின்னால்தான் இருக்கும். அந்த வேறுபாட்டில் இழுபட்டு நிற்கும் தசைகள்தாம் மார்பைச் சட்டென்று திருப்புகின்றன. பிறகு மார்பின் சுழற்சி மட்டுப்படும் நேரத்தில் அந்த வேகம் கைக்குப் போய்ச் சேர்கிறது. கையும் சும்மா தொங்கிக்கொண்டு வருவதில்லை: பந்தைத் தொடுவதற்குச் சற்று முன் மட்டையின் வேகம் கூடுவதில், மேல்கை தோள்மூட்டில் உட்புறமாகச் சுழல்வதற்குப் பெரும் பங்கு உண்டு. நீங்கள் மார்பைத் தளரவிடாமல் திருப்பிக்கொண்டே போகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பந்து மட்டையில் படும் நேரம் ஏறத்தாழ 5 மில்லி விநாடிதான். அதற்குள் மட்டையின் முகம் குறிவைத்த திசையைக் கடந்து இடப்பக்கம் பார்த்துவிட்டால், பந்தும் அங்கேதான் போகும்.

இடக்கையையும் கவனியுங்கள். வலக்கை ஆட்டக்காரரான ஃபெடரரின் இடக்கை, தோள்கள் பின்னால் திரும்பி முடியும்வரை மட்டையின் கழுத்தைப் பிடித்திருக்கும். பிறகு பக்கவாட்டில் நீண்டு, அடிக்கும்போது மடங்கி மார்பருகே வந்துவிடும். கற்றுக்கொள்பவர்களில் பலருக்கு அந்தக் கை பின்னால் பறந்துவிடுகிறது, கூடவே தோளும். இடப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் ஃபெடரரின் ஒற்றைக் கை பேக்ஹேண்டில் இதே இடக்கை நேர் எதிரான வேலையைச் செய்கிறது: பின்னோக்கி நீண்டு, மார்பு முன்கூட்டியே திறந்துவிடாமல் பக்கவாட்டில் நிறுத்துகிறது. ஜோகோவிச்சின் இரட்டைக் கை பேக்ஹேண்டில் இரு கைகளும் பிடியில் இருப்பதால் மார்பு கூடுதலாகத் திரும்பியே ஆக வேண்டும்.

ரமேஷைப் பற்றி நீங்கள் எழுதியது உண்மை. குறுகிய பின்வீச்சு, எதிராளியின் வேகத்தையே வாங்கித் திருப்பும் ஆட்டம். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய முதல்நிலை வீரர் விலாண்டரை வீழ்த்தியவர் அவர். பின்கோட்டிலிருந்து கனத்த டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழலவைக்கும் அடி) அடிப்பவருக்குத் தேவைப்படும் சுழற்சி அத்தகைய ஆட்டத்துக்குத் தேவையில்லை. உங்களுக்கும் அதுவே தோதானது என்பது என் எண்ணம், பயிற்சியாளர் கோபித்துக்கொள்ளக்கூடும்.

ஒரு நண்பரைப் பின்னாலிருந்து கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லி, பந்து மட்டையில் படும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். நேராக அடித்த பந்தில் மார்பு ஏறத்தாழ வலையைப் பார்த்திருந்தால் போதும். வலையின் இடப்பக்கக் கம்பத்தைப் பார்த்திருந்தால், அதிகம் திரும்புகிறீர்கள்.