2013 ஆபர்ன் அணி: வெறும் அதிர்ஷ்டமா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 2013 ஆபர்ன் அணி அதிர்ஷ்டத்தால் மட்டும்தான் தேசிய இறுதிப் போட்டி வரை போனதா?

ஒரே ஒரு ஆட்டத்தை அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொள்கிறேன். மீதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தச் சமயத்தில் நான் அலபாமா மாநிலம் ஆபர்னில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். அதனால் என் பதிலில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முந்தைய வருடத்தைச் சொல்லாமல் இந்த சீசன் புரியாது. 2012-ல் ஆபர்ன் ஆடிய 12 ஆட்டங்களில் வென்றது மூன்று. தென்கிழக்கு மாநிலக் கல்லூரிகள் ஆடும் எஸ்.இ.சி. லீக்கில் எட்டுக்கு எட்டும் தோல்வி. கடைசி ஆட்டத்தில் பரம வைரி அலபாமாவிடம் 49-0 என்று அடி வாங்கியது. 2010-ல் தேசியப் பட்டம் வாங்கிக்கொடுத்த கோச் ஜீன் சிசிக்கை அதோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரின் மக்கள்தொகையைவிட ஸ்டேடியத்தில் இருக்கைகள் அதிகம் உள்ள இடம் அது. அங்கே பழைய பட்டத்துக்கெல்லாம் மரியாதை இரண்டு வருடம்தான்.

புதிதாக வந்தவர் கஸ் மல்சான். 2010-ல் இதே அணியின் தாக்குதல் ஆட்டத்தை நடத்தியவர். அவருக்குக் கிடைத்த குவார்ட்டர்பேக் (தாக்குதலை முன்னின்று நடத்தி, பந்தெறியும் வீரர்) நிக் மார்ஷல், அதற்குமுன் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் தடுப்பாட்டத்தில் இருந்தவர். கான்சாஸில் ஒரு ஜூனியர் காலேஜ் போய்விட்டு இங்கே வந்தார். பந்தெறிவதில் பெரிய ஆள் இல்லை. ஓடுவதில் புலி.

இனி முக்கியமான விஷயம். மார்ஷல் பந்தை வாங்கியதும் பக்கத்தில் வரும் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுவதே வேலையான வீரர்) ட்ரே மேசனின் வயிற்றில் வைப்பார், ஆனால் விடமாட்டார். கண் முழுக்க எதிரணியின் ஓரத்துத் தடுப்பாளர் மேல் இருக்கும். அவர் மேசனைப் பிடிக்க உள்ளே திரும்பினால் மார்ஷல் பந்தை உருவிக்கொண்டு வெளிப்பக்கமாக ஓடுவார். தடுப்பாளர் வெளியே நின்றால் மேசனிடம் பந்தை விட்டுவிடுவார். அந்தத் தடுப்பாளர் எதைச் செய்தாலும் தப்பு. எதிரணி மூச்சு வாங்கி, ஆள் மாற்றுவதற்குள் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். அந்த சீசனில் ஓடியே ஆட்டத்துக்குச் சராசரியாக 328 யார்டு எடுத்தார்கள். நாட்டிலேயே அதுதான் அதிகம். இது அதிர்ஷ்டத்தில் வருகிற எண் இல்லை.

செப்டம்பரில் எல்.எஸ்.யு.விடம் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 35-21 என்று தோற்றதோடு சரி. அதன்பின் வரிசையாக வெற்றி. டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை அதன் சொந்த மைதானத்தில் 45-41 என்று வென்றபோதுதான் வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நவம்பர் 16, ஜார்ஜியா. நான் அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொள்வது இதைத்தான். நான்காம் கால்பகுதியில் 37-17 என்று முன்னிலையில் இருந்துவிட்டு, மூன்று டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) விட்டுக்கொடுத்து 38-37 என்று பின்தங்கினார்கள். மீதி 36 விநாடி. நான்காவது, அதாவது கடைசி முயற்சி; எடுக்க வேண்டியது 18 யார்டு. மார்ஷல் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த மாதிரி ஒரு பந்து. ஜார்ஜியாவின் இரண்டு பேர் ஒன்றாக எகிறினார்கள். பந்து கையில் பட்டு மேலே எழும்பி, அவர்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த ரிக்கார்டோ லூயிஸின் மடியில் விழுந்தது. 73 யார்டு டச் டவுன், 43-38. ஜார்ஜியாக்காரர்கள் அந்தப் பந்தைச் சும்மா கீழே தட்டிவிட்டிருந்தாலே ஆட்டம் அவர்களுடையது. இதற்கு நான் வாதாட வரவில்லை.

நவம்பர் 30, அலபாமா. தொடர்ந்து இரண்டு வருடம் தேசியப் பட்டம் வாங்கிய அணி, முதலிடம், அந்த சீசனில் தோல்வியே கிடையாது. எல்லோரும் கடைசி ஒரு விநாடியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதற்கு முந்தைய டச் டவுன்தான் பெரிது. மீதி 32 விநாடி இருக்கும்போது, 28-21 என்று பின்தங்கிய நிலையில், மார்ஷல் வழக்கம்போல ஓரமாக ஓடினார். ஓடப்போகிறார் என்று நம்பி அலபாமாவின் தடுப்பாளர் தன் ஆளை விட்டுவிட்டு முன்னால் வந்தார். ஆட்டம் தொடங்கிய கோட்டைத் தாண்டும் முன் மார்ஷல் பந்தைத் தூக்கி எறிந்தார். சாமி கோட்ஸ் தனியாக நின்றிருந்தார். 39 யார்டு, ஆட்டம் சமன். நாள் முழுக்க ஓடி ஓடி மிரட்டி வைத்ததற்குக் கிடைத்த பலன் அது. அலபாமா மாதிரியான தடுப்பாட்டத்துக்கு எதிராக அன்று 296 யார்டு ஓடியிருந்தார்கள்.

சரி, அந்தக் கடைசி விநாடி. நேரம் முடிந்தது என்றுதான் கடிகாரம் காட்டியது. அலபாமா கோச் நிக் சேபன் வாதாடி ஒரு விநாடியைத் திரும்ப வாங்கினார். 57 யார்டு தூரத்திலிருந்து ஃபீல்டு கோல் உதைக்க, அதாவது பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்க முடிவு. குறி எட்டாமல் விழும் பந்தை எதிரணி பிடித்துக்கொண்டு ஓடலாம் என்பது விதி. மல்சான் கோல் கம்பத்தின் அடியில் கிறிஸ் டேவிஸை நிறுத்தினார். உதைக்கும்போது அலபாமா பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் அரணாக நிற்கும் கனத்த ஆட்கள். வேகமாக ஓடுபவனைத் துரத்திப் பிடிக்கிற ஆட்கள் அல்ல. டேவிஸ் பந்தைப் பிடித்தார், இடது கோட்டை ஒட்டி ஏறக்குறைய 109 யார்டு ஓடினார். 34-28.

எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, அறையில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளிபரப்பு சில விநாடிகள் தாமதம். திரையில் பந்து இன்னும் காற்றில் இருக்கிறது, ஜன்னல் வழியாக ஸ்டேடியத்தின் இரைச்சல் வந்துவிட்டது. குறி தவறிவிட்டது என்று புரிந்தது. ஆனால் இரைச்சல் நிற்காமல் ஏறிக்கொண்டே போனது ஏன் என்றுதான் புரியவில்லை.

அன்று ராத்திரி டூமர்ஸ் கார்னர் என்ற நாற்சந்திக்குப் போனோம். ஜெயித்தால் அங்கே டாய்லெட் பேப்பர் சுருளை வீசி மரங்களை வெள்ளையாக்குவது ஊர் வழக்கம். 2010 தோல்வி பொறுக்காமல் ஒரு அலபாமா ரசிகர் அங்கிருந்த பழைய ஓக் மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டார். ஏப்ரல் 2013-ல் அவற்றை வெட்ட வேண்டியதாயிற்று. அதனால் அந்த சீசனில் கம்பி கட்டியிருந்தார்கள். மரம் இல்லாவிட்டால் என்ன, கம்பி தெரியாத அளவுக்குப் பேப்பர் தொங்கியது.

அப்புறம் லீக் இறுதியில் மிசௌரியை 59-42 என்று வென்றார்கள். மேசன் ஒருவரே 304 யார்டு. ஆனால் இங்கே இன்னொரு எண்ணையும் பாருங்கள்: விட்டுக்கொடுத்தது 42. ஜார்ஜியாவுக்கு 38, டெக்சாஸ் ஏ அண்ட் எம்முக்கு 41. என் கணக்கு இதுதான்: தாக்குதல் ஆட்டம் அணியை உயரத்துக்குத் தூக்கியது, தடுப்பாட்டம் சுமாராக இருந்ததால்தான் கடைசி விநாடி அற்புதங்கள் தேவைப்பட்டன.

ஜனவரி 6, 2014, பாசடீனாவில் இறுதிப் போட்டி. ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக 21-3 என்று முன்னிலை. எதிரணி உதைப்பதுபோல் நடித்து ஓடி உயிர்பிடித்தது. ஒரு நிமிடம் 19 விநாடி மீதமிருக்க மேசன் 37 யார்டு ஓடி 31-27 ஆக்கினார். அந்த நேரம் போதும் என்று எதிரணியின் குவார்ட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டன் அணியை 80 யார்டு நகர்த்தி, 13 விநாடி மீதமிருக்கும்போது டச் டவுன் போட்டார். 34-31.

அடுத்த வருடம் மார்ஷல் இருந்தும் 8 வெற்றி, 5 தோல்விதான். அலபாமாவிடம் 55-44 என்று தோற்றார்கள். 44 புள்ளி எடுத்தும் தோல்வி. மறுநாளே தடுப்பாட்டக் கோச்சை நீக்கினார்கள்.